ஹாஸ்டலா, வீட்டோடயா? கோத்தகிரி பக்கத்து பெத்தவங்களுக்கு

தேயிலை பறிக்கிற வீட்டுல புள்ள ஆறாவது போறப்ப இதே பேச்சுதான், கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல விடலாமா இல்ல இங்கயே படிக்க வைக்கலாமான்னு.

செலவு: ஹாஸ்டல்னா ஃபீஸ், மெஸ், லீவுக்கு வண்டிக்காசு. இங்க கவர்மெண்ட் ஸ்கூல்னா மதிய சாப்பாடு, பஸ் பாஸ் ரெண்டும் ஃப்ரீ.

தன் வேலைய தானே பாக்குறது: ஹாஸ்டல்தான். வீட்டுல பசங்க சாப்பிட்ட தட்ட கூட கழுவுறதில்ல, அம்மாக்களே அத விட்டுடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

காசோட அருமை: வீடுதான், சந்தேகமே இல்ல. அம்மா சாக்க இடுப்புல கட்டிட்டு மழையில ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கிள்ளுறதையும், எடை போடுறப்ப ஈரத்துக்குன்னு கிலோ கழிக்கிறதையும் புள்ள பக்கத்துல நின்னு பாக்குது, அப்புறம் நீங்க சிக்கனத்த பத்தி வாய திறக்கவே வேணாம்.

மனத்தெம்பு: தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்புறதுக்கு இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க இருந்து வந்து இங்க புதுசா வாழ்க்கைய ஆரம்பிச்ச தாத்தா பாட்டி கதையெல்லாம் வீட்டோட இருந்தாதான் காதுல விழும். ஆனா கஷ்டம் மட்டும் இருந்து, ஆறுதலா பேச ஆள் இல்லன்னா புள்ள சுருண்டுடும்.

அதனால வீட்டுல குடி, தினமும் சண்டைன்னா யோசிக்காம ஹாஸ்டல்ல விடுங்க. மத்தவங்க பத்தாவது வரைக்கும் கூடவே வச்சுக்கோங்க, ப்ளஸ் ஒன்னுக்கு வேணும்னா அனுப்பிக்கலாம்.