இகிருவா, லிவிங்கா?

கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு ஹட்டனுக்குத் திரும்பி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணே, இகிரு, லிவிங் ரெண்டு படத்துல எத மொதல்ல பாக்குறது?"

இரண்டும் ஒரே கதைதான். புற்றுநோயால் சாகப்போவதை அறிந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், இத்தனை வருடம் எதற்கு வாழ்ந்தோம் என்று தேடுகிறார்.

நேரம்: இகிரு 143 நிமிடம், லிவிங் 102.
மொழி: இகிரு ஜப்பானியம், கறுப்பு வெள்ளை. லிவிங் ஆங்கிலம், கலர்.
டேட்டா: லிவிங்குக்குக் குறைவாகப் போகும்.

மனசைப் பிடிப்பதில்தான் வித்தியாசம். 1952இல் ஜப்பானிய இயக்குநர் குரோசவா எடுத்த இகிருவில் கடைசிப் பகுதி பெரும்பாலும் சாவு வீடு. கூட வேலை செய்தவர்கள் குடித்துக்கொண்டே செத்தவரைப் பற்றி வாதாடுகிறார்கள். நம் லயத்துச் சாவு வீட்டிலும் பிளேன்டியோடு விடியும்வரை இப்படித்தானே பேச்சு ஓடும்! அப்புறம், சாவதற்கு முன் அந்த உத்தியோகத்தர் ஆடும் ஊஞ்சல். பனி கொட்ட, தான் போராடிக் கட்டிய பூங்காவில் அவர் மெதுவாகப் பாடுவார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2022இல் வந்த லிவிங்கில் அந்த உத்தியோகத்தராக பில் நை அடக்கமாக, அழகாக நடித்திருக்கிறார்.

வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கு லிவிங் சரி. தம்பிக்கு இகிருதான். போயா நாளில், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.