வேர்க்காத பிள்ளைக்கு கூலிங் வெஸ்ட்: யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதுறேன்

பையனுக்கு எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா, பிறவியிலேயே வேர்வை சுரப்பி ரொம்ப கம்மி. ஓடியாடும்போது தசை எரிக்கிற எனர்ஜில முக்கால்வாசி சூடாத்தான் மாறும், மத்த பசங்களுக்கு வேர்த்து அது காயும்போது சூடும் கூடவே போயிடும், இவனுக்கு போக வழியில்லாம உள்ளயே ஏறிக்கிட்டே இருக்கும். அதுக்காக விளையாட வேணாம்னு உட்கார வைக்க எங்களுக்கு மனசு வரல, அதான் கூலிங் வெஸ்ட், அதாவது உடம்ப குளிர வைக்கிற கையில்லாத மேல்சட்டை, அதுல தண்ணில நனைச்சு போடுற டைப் வாங்கினோம்.

கொஞ்ச நேரம் தண்ணில ஊறவிட்டு, முறுக்கி பிழியாம ரெண்டு கையாலயும் லேசா அமுக்கி எடுத்து போட்டுவிடணும். வறண்ட காத்து அடிக்கிற நாள்ல சூப்பர், பையன் சைக்கிள் ஓட்டிட்டு வந்தா மூஞ்சி கூட அவ்வளவா செவக்கல. ஆனா புழுக்கமான நாள்ல, காத்தோட்டம் இல்லாத இன்டோர் ஹால்ல, சுத்தமா வேஸ்ட். தண்ணி ஆவியானாதான குளிர்ச்சி, காத்துலயே ஈரம் நெறஞ்சிருந்தா அது எங்க போகும்? ஈரப் போர்வைய சுத்திக்கிட்டு ஓடுற மாதிரிதான், வெயிட் வேற. விளம்பரத்துல இத ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு செம கோவம்.

புழுக்கத்துக்கு ஃபேஸ் சேஞ்ச் பேக் (குளிர்ல உறைஞ்சு, சூடு பட்டா மெல்ல உருகுற பொருள் அடைச்ச பை) வச்ச வெஸ்ட்தான் சரி. பேக் உருகும்போது உடம்பு சூட்ட இழுத்துக்கும், காத்து எப்படி இருந்தாலும் வேலை செய்யும். ஐஸ் பேக் அளவுக்கு சில்லுனு குத்தாது. என்ன, உருகி முடிஞ்சா மாத்த இன்னொரு செட் கையில இருக்கணும், வெலையும் அதிகம். வெறும் டீஷர்ட்ட நனைச்சு போட்டு, ஸ்ப்ரே பாட்டில்ல தலைக்கும் கழுத்துக்கும் அடிச்சு ஃபேன் முன்னாடி நிக்க வச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும், அத முதல்ல ட்ரை பண்ணுங்க.

வெஸ்ட் போட்டாச்சுன்னு நெனச்சு தொடர்ந்து விளையாட விட்றாதீங்க ப்ளீஸ். நடு நடுவுல நெழல்ல உட்கார வச்சு தண்ணி குடுக்கணும், பிடி சார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வைக்கணும். வேர்க்கலையே, இன்னும் டயர்ட் ஆகலன்னு நினைச்சுடுவாங்க. மூஞ்சி செவந்து தோல் காஞ்சு கொதிக்குது, தலைவலிங்குறான், காரணமில்லாம எரிச்சல் படுறான், திடீர்னு சத்தமே இல்லாம ஆயிட்டான், இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்திடுங்க. பாராசிட்டமால் குடுத்து பாக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அதனால எறங்காது. பேச்சு குழறுது, தள்ளாடுறான், மயங்குறான்னா உடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, வர்ற வரைக்கும் உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க.

நனைக்கிற வெஸ்ட்டுக்கு என் மார்க் 5க்கு 3, அதுவும் வறண்ட ஊர்க்காரங்களுக்கு மட்டும். வளர்ற பிள்ளைன்னு ஒரு சைஸ் பெருசா எடுத்துடாதீங்க, உடம்போட ஒட்டி இருந்தாதான் குளிர்ச்சி தெரியும்.