முன்பருவத் தற்காப்பு: எளிய அமைப்பா, முழு வியூகமா?

அமெரிக்கக் கால்பந்தில் பருவம் தொடங்குமுன் நடக்கும் ஆகஸ்ட் மாத முன்பருவ ஆட்டங்கள் வந்துவிட்டால், தற்காப்பு வீரர்களைக் களத்தில் எப்படி அமைப்பது என்பதில் பயிற்சியாளர்கள் இரு தரப்பாகப் பிரிகிறார்கள். பந்தை வீசும் எதிரணி வீரரான குவார்ட்டர்பேக்கை நோக்கி நால்வரை மட்டும் அனுப்பிவிட்டு, பின்னால் கவர் 3 (ஆழத்தை மூவர் பங்கிட்டுக் காப்பது) போன்ற, ஆளையன்றி இடத்தைக் காக்கும் ஒன்றிரண்டு ஜோன் அமைப்புகளோடு நிறுத்திக்கொள்வது ஒரு வழி. வர்ணனையாளர்கள் இதை வெனிலா (அலங்காரமற்ற) தற்காப்பு என்பார்கள். பருவத்துக்கென்று தீட்டிய பிளிட்ஸ்களையும் (நால்வருக்கு மேல் பாயவிடும் தாக்குதல்களையும்) போக்குக்காட்டல்களையும் அப்போதே களத்தில் இறக்குவது மற்றொன்று. டெக்சாஸில் ஒரு பள்ளி அணியின் தற்காப்புப் பயிற்சிக்கு உதவும் நான், இந்த ஆண்டு முதல் வழிக்கே வாக்களித்தேன். இதை எழுதுவதும் அந்தச் சாய்வோடுதான்.

எளிய அமைப்புக்கு ஆதரவாக எல்லோரும் முதலில் சொல்வது ரகசியம் காப்பது. ஆட்டக் காணொளி எதிரணிகளின் கைக்குப் போய்விடும் என்பதால் அது நியாயமானதே. ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது அதுவன்று, ஆட்களை எடைபோடுவதுதான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணி ஒன்று, பருவம் தொடங்குமுன் 90 பேரை 53 ஆகக் குறைக்க வேண்டும். 2021 முதல் பெரும்பாலான அணிகளுக்கு அதற்குக் கிடைப்பது மூன்றே முன்பருவ ஆட்டங்கள். பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் ராம்ஸ் அணி முதல்நிலை வீரர்களை அவற்றில் இறக்காமலேயே 2018 பருவத்தில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை சென்றது. ஆக, அந்த ஆட்டங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பட்டியலின் கடைசி இடங்களுக்காகப் போராடுகிறவர்களைத்தான்.

அறுவர் பாயும் பிளிட்ஸில் எதிரணியின் தடுப்பு வரிசை குழம்பி, ஓரத்து வீரர் ஒருவர் யாருமே தொடாத நிலையில் ஓடிச்சென்று குவார்ட்டர்பேக்கை வீழ்த்தலாம். புள்ளிவிவரத்தில் அது ஒரு சாக். அவருடைய திறமையைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. நால்வர் மட்டும் பாயும்போது, அதே வீரர் தன்னைவிடக் கனத்த தடுப்பாளரின் கைகளைத் தட்டிவிட்டு, இடுப்பைத் தாழ்த்தி வளைந்து போயாக வேண்டும். பின்னால், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காக்க வேண்டிய ஓரக் காவலரான கார்னர்பேக், முன்னால் விழப்போகும் குறுகிய பாஸுக்கு ஆசைப்பட்டுத் தன் இடத்தை விட்டாரா என்பதும் மறைக்க வழியின்றித் தெரிந்துவிடும்.

வெற்றி தோல்வியை இங்கே கணக்கில் எடுக்கவே வேண்டாம். முன்பருவத்தில் நான்குக்கு நான்கு வென்ற 2008 டெட்ராய்ட் லயன்ஸும் 2017 கிளீவ்லாந்து பிரௌன்ஸும் பருவத்தில் 16 ஆட்டங்களையும் தோற்றன. 2011 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ஓயாமல் பிளிட்ஸ் அனுப்பி சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸை 24-3 என்று வீழ்த்தியது. அதே பருவத்தின் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றில் அதே செயின்ட்ஸை 36-32 என்று வென்றது 49அர்ஸ்.

முழு வியூகத்துக்கும் வலுவான வாதம் ஒன்று உண்டு. தற்காப்பை வகுக்கும் புதிய ஒருங்கிணைப்பாளர் பொறுப்பேற்ற அணியில், பந்து நகர்வதற்கு முந்தைய சில நொடிகளில் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கரும் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டியும் ஒருவருக்கொருவர் கூவி அமைப்பை மாற்றிக்கொள்ளும் பழக்கம், ஆட்டத்தின் இரைச்சலில்தான் படியும். தொழில்முறை அணிகள் அதை வேறோர் அணியுடன் நடத்தும் கூட்டுப் பயிற்சியிலேயே பழகிக்கொள்ள முடியும். பள்ளி அளவில் எங்களுக்கு அந்த வசதி இல்லாததால், கடைசிப் பயிற்சி ஆட்டத்தின் பின்பாதியில் மட்டும் ஒரேயொரு பிளிட்ஸை அனுமதித்தோம். அது போதுமா என்பதைப் பருவத்தின் முதல் சில வாரங்களைப் பார்த்த பிறகே என்னால் சொல்ல முடியும்.