கோடை மழைக்கு பாரோடேலா, சஃபக்கா?

இங்கிலாந்தின் வடமேற்கே மலைகளும் ஏரிகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட்; அதன் பாரோடேல் பள்ளத்தாக்கில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. அட்லாண்டிக்கின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் கொட்டிவிடுகிறது. ஜூலையிலும் கொடியில் போட்ட துணி லேசில் காயாது. தொடர்ந்து வெயில் கிடைப்பது கஷ்டம் என்பதால், மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனமாகும் புல்லை முழுதாக உலர்த்தாமல் பிளாஸ்டிக்கில் உருளையாகச் சுற்றிப் புளிக்கவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பச்சை! மழை விட்டதும் கல்சுவரோரம் மேயும் ஹெர்ட்விக் ஆடுகள், எங்கும் ஓடைச் சத்தம்.

இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் சஃபக் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ.தான். கோதுமை, பார்லி வயல்கள். தூறல் வந்து போகும், மாலைக்குள் துணி காய்ந்துவிடும்.

கைக்குழந்தை இருந்தால் சஃபக் போங்கள். எனக்கு பாரோடேல்தான். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பகலெல்லாம் கொட்டினாலும், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடக்க நேரம் மிச்சமிருக்கும்.