ஆல்கோ போய் மின்சார எஞ்சின் வந்த பிறகு: திருச்செந்தூர், செங்கோட்டை பாசஞ்சர் அனுபவம்

நெல்லை ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூருக்குச் சுமார் 60 கி.மீ., செங்கோட்டைக்குச் சுமார் 80. இரண்டுமே ஒற்றைத் தடம், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். இந்த மாதிரி ஓட்டத்தில் எஞ்சினின் உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை. நின்ற இடத்திலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் கணக்கு.

முன்பு ஓடிய டபிள்யூடிஎம்-3ஏ ஆல்கோ டீசல் எஞ்சின் 3,100 குதிரைத்திறன், எட்டு நாட்ச் (எஞ்சினின் சக்தியைக் கூட்டும் படிகள்). லோகோ பைலட் நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும், டர்போ வேகமெடுத்துக் காற்றைத் தள்ளச் சில நொடி பிடிக்கும். அந்த இடைவெளியில் அரைகுறையாக எரிவதுதான் அந்தக் கரும்புகை. ஐட்லிங்கில் (சும்மா ஓடும்போது) நிமிடத்துக்கு 400 சுற்று, எட்டாவது நாட்ச்சில் சுமார் 1,000. காருகுறிச்சியில் கிளம்பினால் வீரவநல்லூர் வரை காதில் விழும் என்று சொன்னாலும் தகும், அப்படி ஒரு சத்தம். அதற்கு ஈடு இன்னும் வரவில்லை. ஆனால் வேகம் பிடித்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும்.

மின்சார எஞ்சினில் அந்தக் காத்திருப்பு கிடையாது. மேலே 25,000 வோல்ட் கம்பி. வாப்-4 ரக எஞ்சின் என்றால் சுமார் 5,000 குதிரைத்திறன், டேப் சேஞ்சர் (மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டும் கருவி) படிப்படியாக ஏறுவது பெட்டியில் சின்னச் சின்ன இழுப்பாகத் தெரியும். வாப்-7 அதையும் தாண்டி 6,000, இழுப்பே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். முதல் பெட்டியில் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழுவதில்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் புளோயரின் இரைச்சல் மட்டும்தான்.

இவ்வளவு இருந்தும் ஊர் போய்ச் சேரும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. எதிர் வண்டி வரும்வரை சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ கிராசிங்குக்கு நிற்க வேண்டியதுதான். தடம்தான் எல்லாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றதும் ஜல்லி அரித்துத் தண்டவாளம் தொங்கியதால்தான். கிராசிங் நிலையங்களைக் கூட்டாமல் எஞ்சினை மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை.

கிராசிங்கில் ஃபேன் மந்தமாவதற்கு எஞ்சினைத் திட்டக் கூடாது. பழைய ஐசிஎஃப் (பெரம்பூர் ஆலை) வகைப் பெட்டிக்கு மின்சாரம் தருவது சக்கர அச்சில் பெல்ட் போட்டு ஓடும் ஆல்டர்னேட்டர். வண்டி சுமார் 20 கி.மீ. வேகம் தாண்டினால்தான் சார்ஜ் ஏறும், நின்றால் பேட்டரிதான். பெல்ட் அறுந்த பெட்டியில் லைட்டும் மங்கிப்போகும். கிளம்பி வேகம் எடுத்தும் ஃபேன் தேறவில்லை என்றால் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுங்கள்.

திருச்செந்தூரில் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து கோக்கிறார்கள். கப்ளிங் போட்டதும் இரண்டு காற்றுக் குழாய் (ஹோஸ்) இணைப்பு: பிரேக் பைப் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம், ஃபீட் பைப் 6 கிலோ. கார்டு பெட்டி மீட்டரில் போதிய அழுத்தம் காட்டாமல் வண்டி நகராது. வேறு எஞ்சின் மாற்றும்போது, முந்தைய எஞ்சின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி ஏற்றியிருந்தால், புது எஞ்சின் கோத்த பிறகு அழுத்தம் குறைந்ததுபோல் ஆகிப் பிரேக் கட்டை சக்கரத்தை விடாது. கருகல் வாடை அடித்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். பெட்டிக்குக் கீழே இருக்கும் ரிலீஸ் கம்பியை இழுத்துவிட்டால் உஸ்ஸென்று காற்று போய்க் கட்டை விலகும். அது ரயில்வே ஆள் செய்ய வேண்டிய வேலை. வாடை வந்தால் கார்டிடம் சொல்லுங்கள்.

செங்கோட்டை பக்கம் போகும்போது பொதிகை மலை இடப்பக்கம். சாயங்கால வண்டியில் வெயிலும் அதே பக்கம்தான் அடிக்கும்.