உயில் தகராறு: நடுவரா, நீதிமன்றமா?

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு, பொள்ளாச்சியில் வாரிசுகள். உயிலை நிறைவேற்ற வேண்டிய சித்தப்பா கணக்குக் காட்டவில்லை. சித்தூர், பாலக்காடு பக்கம் இப்படிப் பல குடும்பங்கள் நடுவரிடம் (எல்லோரும் ஒப்புக்கொண்டு தேர்ந்தெடுக்கும் தனியார் தீர்ப்பாளர்) போவதா, நீதிமன்றம் போவதா என்று தவிக்கின்றன.

உயில் செல்லுமா?
நடுவர்: தீர்மானிக்க முடியாது. 1993இல் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.
நீதிமன்றம்: புரோபேட் (உயில் செல்லும் என்பதற்கான சான்று) தருவது இங்கே மட்டும்தான்.

கடமை தவறினால்?
நடுவர்: எல்லோரும் எழுதி ஒப்புக்கொண்டால் வரவு செலவு, பங்குத்தொகை பற்றி முடிவு சொல்லலாம். சித்தப்பாவை நீக்க முடியாது.
நீதிமன்றம்: புரோபேட் கிடைத்த 6 மாதத்தில் சொத்துப்பட்டியல், ஓராண்டில் கணக்கு தர வேண்டும். 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் 317ஆம் பிரிவு. தவறுபவரை உயர் நீதிமன்றம் நீக்கலாம் (பிரிவு 301). பெரிய ஆயுதம் இது, பலருக்குத் தெரிவதே இல்லை.

மொழி?
நடுவர்: தமிழிலேயே நடத்தலாம்.
நீதிமன்றம்: பாலக்காட்டில் மலையாளம், ஆங்கிலம்.

முடிவு பிடிக்காவிட்டால்?
நடுவர்: நடுவர் தீர்ப்பை எதிர்த்து, 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம் 34ஆம் பிரிவில், 3 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள், அதற்கு மேல் கிடையாது. நீதிபதி சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார். பாரபட்சம், பொதுக்கொள்கை மீறல் போன்றவற்றைத்தான் பார்ப்பார்.
நீதிமன்றம்: மேல்முறையீட்டில் உண்மைகளையும் அலசலாம். ஆனால் வருடங்கள் ஓடும்.

உயிலில் சந்தேகம் இல்லை, சண்டை கணக்கில் மட்டும் என்றால் நடுவரிடம் போங்கள். கையெழுத்தே பொய் என்றாலோ, சித்தப்பாவை மாற்றியே ஆக வேண்டும் என்றாலோ, நேராக நீதிமன்றம்தான்.