கியர் பொக்ஸ் திருத்திய பிறகு வந்த நடுக்கம்: என் கொரோலா 121 அனுபவம்

என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121, நான்கு கியர் ஓட்டோமெட்டிக். கியர் பொக்ஸை இறக்கித் திருத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கியர் விழுவதில் இன்று வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் கராஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு நடுக்கம் தொற்றிக்கொண்டது. டி-யில், அதாவது முன்னோக்கி ஓடும் கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் ஸ்டியரிங், சீட் எல்லாம் நடுங்கும். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் வீதியில், வெள்ளவத்தை நெரிசலில் ஏசியும் போட்டு நின்றால், கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் பெயர்ப்பலகையே கலங்கித் தெரியும். நியூட்ரலுக்குத் தள்ளினால் உடனே அடங்கிவிடும்.

"போகப் போகச் சரியாகும்" என்றார்கள் வேலை செய்தவர்கள். இன்னோர் இடத்தில் டோர்க் கன்வேர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) போய்விட்டது, திரும்ப இறக்க வேண்டும் என்றார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. கியர் பொக்ஸை இறக்குவதென்றால் சும்மா வேலையா? அதற்கு முதல் நடுக்கம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்க்க வேண்டும்.

கன்வேர்ட்டரோ அதைத் தாங்கும் பிளேட்டோ சமநிலை தவறியிருந்தால், நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் காட்டிக்கொடுக்கும். என் காரில் ஒன்றுமில்லை. ஓடும்போது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் நேராகப் பிணைக்கும் லொக்-அப் கிளட்ச் பிழை என்றால் ஒரே சீராக ஓடும்போது கற்பாதையில் போவது போலக் குலுக்கும். பிரேக்கை இலேசாகத் தொட்டால் லொக்-அப் விடுபட்டு நின்றுவிடும். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஓடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. வேகத்தோடு கூடுவது டயர், வீல் பலன்ஸ் பக்கம். இழுக்கும்போது மட்டும் வந்து, கால் எடுத்ததும் போனால் வீலைச் சுழற்றும் ட்ரைவ் ஷாப்டின் உள் ஜொயின்ட்.

என் நடுக்கமோ நிற்கும்போது வருவது. மிஞ்சியது மவுன்ட், அதாவது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் காரின் உடலோடு பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி. பொனெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கையும் நன்றாக மிதித்தபடி டி-க்கும் ரிவர்ஸுக்கும் மாறிமாறிப் போட்டேன். பார்ப்பவர் காருக்கு முன்னால் நிற்கவே கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். எஞ்சின் ரிவர்ஸில் தாராளமாக அசைந்தது. டி-யில் ஓரிடத்தில் முட்டி நின்றது. அப்புறம் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் காரை லிஃப்டில் ஏற்றினோம். "தம்பி, இதைப் பாருங்க" என்று டோர்ச் அடித்துக் காட்டினார். பின் மவுன்டின் நடு இரும்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, ரப்பர் முறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. கியர் பொக்ஸைத் திரும்ப ஏற்றும்போது, எஞ்சின் ஜாக்கில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிப் பூட்டினால் இப்படித்தான் வரும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விலை குறைந்த புதிய மவுன்ட்கள் தாராளமாகக் கிடைக்கும். அவற்றின் ரப்பர் கடினம்; நடுக்கத்தை விழுங்காமல் உள்ளே அனுப்பும். ஒரிஜினல்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். பாஸ் மற்ற மவுன்ட் போல்ட்களையும் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக அமர்ந்த பிறகுதான் இறுக்கினார். அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே வித்தியாசம் தெரிந்தது.

அதன் பிறகு மழை, நெரிசல், தூரப் பயணம் எல்லாம் பார்த்தாயிற்று. பழைய நடுக்கம் திரும்பவில்லை. காலையில் எஞ்சின் சூடாகும் முன் ரிவர்ஸ் போட்டால் மட்டும் ஒரு சின்ன உதறல் உண்டு. வலப்பக்க மவுன்ட் இன்னும் பழையதுதான், அதன் வேலையாக இருக்கும். அடுத்த சேர்விஸில் அதையும் மாற்றப் போகிறேன்.